ஆம்ப் வாங்கினால் பேஸ் வந்துவிடுமா?

கேள்வி: சோமனூரில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன். பாட்டு கேட்பதற்கென்று ஆசைப்பட்டு பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் ஹெட்போன் வாங்கினேன். ஆண்ட்ராய்டு போனில் ஆப்பிள் டாங்கிள் (போனின் சார்ஜ் ஓட்டையில் ஹெட்போனை மாட்ட உதவும் சின்ன ஒயர்) போட்டுக் கேட்கிறேன். தெளிவாக இருக்கிறது, ஆனால் பேஸ் சப்பென்று இருக்கிறது, சவுண்டும் பத்தவில்லை. கோவையில் ஒரு கடையில் கேட்டால், "250 ஓமுக்கு ஆம்ப் போடாம பேஸ் வராதுங்க" என்று சொல்லி 9,000 ரூபாயில் ஒன்றைக் காட்டுகிறார்கள். நண்பன் வீட்டுப் பழைய ஸ்டீரியோ ஆம்பில் இதே ஹெட்போனைச் செருகிப் பார்த்தபோது பேஸ் அருமையாக இருந்தது. வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. நீங்கள் சொல்வது ஒரு குறை அல்ல, இரண்டு. சவுண்டு பத்தவில்லை என்பது ஒன்று, பேஸ் இல்லை என்பது இன்னொன்று. முதல் குறையை ஆம்ப் தீர்க்கும். இரண்டாவதை ஆம்ப் மட்டும் தீர்க்காது. நண்பர் வீட்டில் கேட்ட பேஸ், கடையில் காட்டிய புது ஆம்பில் வராமலே போகலாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை. நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் போர் மோட்டார் வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஆழமான போரில் தண்ணீர் எடுக்க ஸ்டேஜ் அதிகமுள்ள மோட்டார் வேண்டும். தண்ணீர் கொஞ்சமாக வந்தாலும் மேலே தள்ளும் அழுத்தம், அதாவது ஹெட், அதிகம் வேண்டும். மேல்மட்டத்தில் தண்ணீர் நிற்கும் கிணற்றுக்கு ஹெட் அதிகம் வேண்டாம், டெலிவரிதான் முக்கியம். ஹெட்போனில் ஹெட் என்பது வோல்ட், டெலிவரி என்பது கரண்ட். 250 ஓம் ஹெட்போன் ஆழ்துளைக் கிணறு மாதிரி: வோல்ட் கேட்கும், கரண்டு அதிகம் இழுக்காது. 25, 30 ஓமில் வரும், தட்டையான சவ்வு கொண்ட பிளேனர் வகை ஹெட்போன்கள் நேர் எதிர்: கொஞ்ச வோல்ட்டில் நிறையக் கரண்டு இழுக்கும். ஆகவே ஓம் கூடினால்தான் ஆம்ப் வேண்டும், குறைந்தால் வேண்டாம் என்று கணக்குப் போடாதீர்கள். கூடவே சென்சிடிவிட்டியையும், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதையும், பார்க்க வேண்டும்.

உங்கள் ஹெட்போனுக்கு அந்தக் கணக்கு அழகாக வருகிறது. டிடி 990 ப்ரோவின் சென்சிடிவிட்டி 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் 1 மில்லிவாட் என்றால் அரை வோல்ட். வோல்ட் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் ஏறும். அப்படியானால் அரை வோல்ட்டில் 96, 1 வோல்ட்டில் 102, 2 வோல்ட்டில் 108, 4 வோல்ட்டில் 114. ஆப்பிள் டாங்கிள் முழு அளவில் 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவுக்கென்று விற்கும் மாடல் அதில் பாதிதான்). அதாவது பாட்டின் உச்சியில் 102 டெசிபல். பாட்டின் சராசரி அளவு உச்சியைவிட 15, 20 டெசிபல் கீழே இருக்கும் என்று வைத்தாலும், இது அமைதியான அறையில் கேட்கப் போதும்.

பின்னே ஏன் உங்களுக்குப் பத்தவில்லை? எனக்கு முதல் சந்தேகம் டாங்கிள் மேல். ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் போட்டால் வால்யூமை முழுதாக வைத்தாலும் டாங்கிள் தன் முழு வோல்ட்டைத் தராது. ஐபோன் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அதே டாங்கிளை அதில் போட்டு, அதே பாட்டைக் கேட்டுப் பாருங்கள். சவுண்டு தூக்கலாக இருந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். வேறு ஒரு டாங்கிள் வாங்கினால் முடிகிற வேலைக்கு 9,000 எதற்கு?

தறிக்கார வீட்டில் மல்டிமீட்டர் இல்லாமல் இருக்காது. அதை வைத்தே இதை அளந்துவிடலாம். 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை முழு அளவில் பதிவு செய்த ஃபைலாக இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஸ்பிளிட்டரை டாங்கிளில் செருகி, ஒரு வாயில் ஹெட்போன், மறு வாயில் ஆக்ஸ் ஒயர். ஆக்ஸ் ஒயரின் திறந்த முனையில், நுனியில் ஒரு ப்ரோப், அடிப்பாகத்தில் ஒரு ப்ரோப். வால்யூமை முழுதாக வைத்து ஏசி வோல்ட் பாருங்கள். அப்போது ஹெட்போன் காதில் இருக்கக் கூடாது, மேஜை மேல் கிடக்கட்டும். 50 ஹெர்ட்ஸ் சொல்வதற்குக் காரணம், சாதா மீட்டர்கள் கரண்டு லைனின் அந்த அளவில்தான் சரியாகக் காட்டும். 1,000 ஹெர்ட்ஸில் சில மீட்டர் உளறும். இன்னொன்று, கடையில் இருநூறு முந்நூறுக்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரில் ஏசி ரேஞ்சே 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும், 0.1க்குக் கீழே காட்டாது. ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் இருந்தால் எடுங்கள். 1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் டாங்கிள் ஒழுங்கு. 0.4, 0.5 என்று நின்றால், அது ஐரோப்பா மாடல் இல்லையென்றால், போனுக்கும் டாங்கிளுக்கும் ஒத்துவரவில்லை.

இனி நண்பர் வீட்டு ஆம்ப். அங்கே இரண்டு காரியம் நடந்திருக்கும்.

ஒன்று, நீங்கள் சவுண்டைக் கூட்டி வைத்திருப்பீர்கள். நம் காது குறைந்த சத்தத்தில் பேஸை ஒழுங்காகக் கேட்காது, சத்தம் ஏற ஏற பேஸும் ஏறுவதாகத் தோன்றும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து சொன்ன சங்கதி இது. ஆம்ப் மாற்றியதும் "ஆகா, பேஸ்!" என்று நாம் துள்ளுவதில் பெரும் பங்கு இந்தக் காதின் குணம்தான். நானும் முதல் ஆம்ப் வாங்கிய வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னவன். அப்புறம் ஒரு நாள் மீட்டர் வைத்து, டாங்கிளையும் ஆம்பையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, எது எதென்று பார்க்காமல் மாற்றி மாற்றிக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. வந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றுதான் சுவாரஸ்யமானது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்கள் பலவற்றில் ஹெட்போனுக்கென்று தனி சர்க்யூட் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் லைனிலேயே நூற்றுக்கணக்கான ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சீரிஸில் போட்டு ஹெட்போன் ஓட்டைக்குக் கொடுத்திருப்பார்கள். இங்கேதான் சூட்சுமம். ஹெட்போனில் அச்சடித்த 250 ஓம் எல்லாச் சுருதியிலும் 250 ஆக இருப்பதில்லை. உங்களுடையது மாதிரி டைனமிக் வகையில், டயாப்ரம் தானாக அதிர விரும்பும் பேஸ் பகுதியில் ஓம் ஏறி ஒரு மேடு போல நிற்கும். ஒரு பேச்சுக்கு அங்கே 350 என்று வையுங்கள், ஆம்பின் ரெசிஸ்டர் 330 ஓம். மற்ற இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 580இல் 250 பங்கு, மேட்டில் கிடைப்பது 680இல் 350 பங்கு. கணக்குப் போட்டால் பேஸ் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் தூக்கலாக வரும். கூடவே டயாப்ரத்தைப் பிடித்து நிறுத்தும் பிடியும் ஆம்பிடம் தளர்ந்துபோகிறது. அதனால் "தொம்" என்று கொஞ்சம் இழுத்துக்கொண்டு விழும். கேட்க இதமாகத்தான் இருக்கும், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்றைய ஹெட்போன் ஆம்ப்களின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் தன் பக்கம் வைத்திருக்கும் ஓம், பெரும்பாலும் 1, 2 ஓம்தான். நல்ல ஆம்பின் லட்சணமே அது. ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும் என்பது பழகிவந்த விதி, உங்களுக்கு 31 ஓம் வரை சரி. அப்படிப்பட்ட ஆம்ப் பேஸ் மேட்டைத் தூக்காது, உள்ளதை உள்ளபடி கொடுக்கும். நண்பர் வீட்டுச் சத்தத்தை நினைத்துக்கொண்டு 9,000 கொடுத்தால் வீட்டுக்கு வந்து ஏமாந்துதான் நிற்பீர்கள்.

சரி, பேஸ் வேண்டுமே? ஈக்வலைசரில் இருக்கிறது. டிடி 990 ப்ரோ பின்பக்கம் திறந்த ஹெட்போன். நடு பேஸ் அதில் தாராளம். அதற்கும் கீழே, 40 ஹெர்ட்ஸுக்கு அடியில், திறந்த ஹெட்போன்களின் வழக்கப்படி சரிந்துவிடும். பேஸ் இல்லாதது போலத் தோன்ற இன்னொரு காரணம் அதன் ட்ரெபிள். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர் இருக்கிறது, 'ஸ்' சத்தமும் ஜால்ராவும் காதைக் குத்தும். குத்துவதால் சவுண்டைக் குறைக்கிறீர்கள், குறைத்ததும் பேஸ் காணாமல் போகிறது. ஆகவே முதலில் மேலே குறையுங்கள்: 8,000 ஹெர்ட்ஸில் 4, 5 டெசிபல் இறக்கம். பிறகு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ ஷெல்ஃப் (அடிப்பகுதி முழுவதையும் ஒன்றாகத் தூக்கும் ஃபில்டர்) போட்டு 5, 6 டெசிபல் ஏற்றம். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ இதற்குப் போதும். வேவ்லெட்டில் உங்கள் ஹெட்போன் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே அளந்து வைத்த திருத்தம் தானாக ஏறிக்கொள்ளும். அதன் மேல் உங்கள் ருசிக்குப் பேஸ் சேர்க்கலாம். காது குஷன் அமுங்கிப்போயிருந்தால் அதையும் மாற்றுங்கள், அது சத்தத்தையே மாற்றும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. பேஸை 6 டெசிபல் ஏற்றினால், ஈக்வலைசரில் மொத்த சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் கட்டத்தில் 6 டெசிபல் இறக்கியாக வேண்டும். இல்லையென்றால் பேஸ் அடிக்கும் இடத்திலெல்லாம் சிக்னல் உச்சியில் முட்டி கரகரக்கும். இறக்கினால் மொத்த சவுண்டும் குறைகிறது. 102 கொடுத்த டாங்கிள் இப்போது 96 தான் தரும். ஆம்புக்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. பேஸை ஈக்வலைசர் கொடுக்கிறது, அதற்காக அது எடுத்துக்கொண்ட இடத்தை ஆம்ப் ஈடுகட்டுகிறது. 4 வோல்ட் ஆம்ப் இருந்தால் 6 போக இன்னும் 108 கையில் நிற்கும்.

அந்த நிலை வந்தால் கடையில் கேட்க வேண்டியது, "எத்தனை வாட்ஸுங்க?" என்றல்ல, 250 அல்லது 300 ஓமில் எவ்வளவு என்று. 250 ஓமில் 64 மில்லிவாட் என்றால் 4 வோல்ட். அட்டையில் 32 ஓம் கணக்கு மட்டுமே போட்டிருந்தால் 500 மில்லிவாட் என்று பாருங்கள், அதுவும் 4 வோல்ட்தான். கெயின் சுவிட்ச், அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று மாற்றும் சுவிட்ச், இருப்பது நல்லது. சில ஆம்ப்களில் பேஸ் பட்டன் இருக்கும். ஐஃபை ஜென் டாக் என்ற மாடலில் உள்ளது அந்த வகைதான். அதுவும் பெட்டிக்குள் வைத்த ஈக்வலைசர்தான், திருகி விளையாடப் பிடிக்காதவர்களுக்கு வசதி. பேலன்ஸ்டு அவுட்புட் என்பதற்குக் கூடுதல் காசு கேட்டால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் ஆம்பின் பின்பக்கச் சிவப்பு, கருப்பு முனைகளில் ஹெட்போனை ஒட்டிப் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். ஒரு திருகலில் வாய்ஸ் காயில் கருகிவிடும்.

கடைசியாகத் தறி. திறந்த ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தறி ஓடும்போது அந்த டகடகவுக்கு அடியில் வரும் கனத்த அதிர்வு, பாட்டின் பேஸ் மேல் போர்வை போர்த்தியது போல மூடிவிடும். அதைத் தாண்டிக் கேட்க வால்யூமைத் திருகினால் கெடுவது காது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு என்றும், அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்கிறது. தறிக்குள்ளேயே நிற்பவருக்கு அந்த வரம்பில் பெரும்பகுதி தறியிலேயே செலவாகிவிடும், பாட்டுக்கு மிச்சம் இருக்காது. குடோன் பக்கம் கேட்கத்தான் வேண்டுமென்றால் மூடிய வகை ஹெட்போனோ, காதுக்குள் அடைக்கும் இயர்போனோ வாங்குவது 9,000 ரூபாய் ஆம்பைவிடப் பேஸுக்கு நல்லது.

ஜமாப் மேளம் அடிக்கும்போது பக்கத்தில் நின்றால் நெஞ்சில் வந்து இடிக்குமே, அந்த இடி எந்த ஹெட்போனிலும் எந்த ஆம்பிலும் வராது. அதை உடம்பு கேட்கிறது, ஹெட்போன் காதுக்கு மட்டும்தான் பாடுகிறது. ஆசை அந்த அளவுக்கு என்றால் சப்வூஃபர் பக்கம்தான் போக வேண்டும்.

மாதாந்திர பவர் ஷட்டவுன் அன்று தறியெல்லாம் நின்று ஊரே அமைதியாக இருக்கும். போன் சார்ஜை நிரப்பி வைத்துக்கொண்டு, ஈக்வலைசரைப் போட்டு, ப்ரீஆம்பை இறக்கி, அன்றைக்குக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் வால்யூம் முழுதாக வைத்துப் பத்தவில்லை என்றால், மீட்டரையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.