1450 மதிப்பெண்ணை அனுப்பலாமா, வேண்டாமா?

கரூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூ, ஸ்டேட் போர்டு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில், ஆகஸ்ட் மாதம் 1600க்கு 1450. நவம்பர் 1க்குள் அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு எர்லி டிசிஷன் முறையில், அதாவது இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய சுற்றில், விண்ணப்பிக்க வேண்டும். அங்கே டெஸ்ட் ஆப்ஷனல், அதாவது மதிப்பெண்ணை அனுப்புவது அவரவர் விருப்பம். "இந்த மார்க்கை அனுப்பினால் இருக்கிற வாய்ப்பும் போய்விடும்" என்று ஒரு கன்சல்டன்ட் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை என்கிறீர்கள்.

அனுப்புங்கள். இதுதான் என் பதில். ஆனால் இதே 1450 வாங்கிய இன்னொரு பிள்ளைக்கு "வேண்டாம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அதனால் காரணத்தை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில், நீங்கள் இணைத்திருக்கும் இரண்டு மதிப்பெண் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் தாளில் ஆங்கிலம் 670, கணிதம் 780. மே மாதத் தாளில் மொத்தம் 1390தான், அதனால் அதை ஒதுக்கிவிட்டீர்கள். ஆனால் அதில் ஆங்கிலம் 690! அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பகுதியிலும் எந்தத் தேதியில் அதிகம் வாங்கியிருக்கிறாரோ அதை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். சூப்பர்ஸ்கோர் என்பது இதுதான். மே மாத 690, ஆகஸ்ட் மாத 780 இரண்டையும் கூட்டினால் 1470. உங்கள் மகளின் மதிப்பெண் 1470 அம்மா, 1450 இல்லை. காமன் ஆப், அதாவது பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான இணைய விண்ணப்பத்தில் தேர்வுப் பக்கத்தைத் திறந்தால், ஆங்கிலத்தின் உச்ச மதிப்பெண், அதை வாங்கிய தேதி, கணிதத்தின் உச்ச மதிப்பெண், அதன் தேதி என்று தனித்தனியாகத்தான் கேட்கும். அங்கே இப்படியே நிரப்பச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுன் போல எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்கும் இடங்களும் உண்டு, அங்கே எதையும் விட முடியாது.

அடுத்து, அனுப்பலாமா என்ற கேள்விக்கே இடமில்லாத பல்கலைக்கழகங்கள். 2020ல் கொரோனா வந்தபோது தேர்வு மையங்கள் மூடப்பட்டன, ஏறக்குறைய எல்லோரும் மதிப்பெண் கட்டாயமில்லை என்றார்கள். பிறகு சில பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக அதை மறுபடி கட்டாயமாக்கின. 2022ல் எம்ஐடி ஆரம்பித்தது. 2024ல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்ட் என்று வரிசையாக அறிவித்தார்கள். பிரின்ஸ்டனும் 2027-28ல் விண்ணப்பிப்பவர்களிடமிருந்து கட்டாயம் என்று சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ நேர் எதிர். பெர்க்லி, யுசிஎல்ஏ உட்பட அதன் எல்லா வளாகங்களிலும் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. உங்கள் மகளின் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்தச் சேர்க்கைப் பக்கத்தில் இந்த ஆண்டுக்கான விதியைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன வருஷம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்ப வேண்டாம், விதிகள் வருஷா வருஷம் மாறுகின்றன.

இப்போது அந்தக் கன்சல்டன்ட் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில் மேல் கால்வாசியையும் கீழ்க் கால்வாசியையும் விட்டால் மிஞ்சும் நடுப்பாதிப் பேரின் மதிப்பெண் 1500க்கு மேல் தொடங்குகிறது, உங்கள் மகள் அதற்குக் கீழே, அதனால் மறைத்துவிடுங்கள் என்பது அவர் கணக்கு. அது கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்குதான். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் காமன் டேட்டா செட் என்று ஓர் அறிக்கை வெளியிடும். அந்தப் பெயரோடு பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதியைத் திறங்கள். நடுப்பாதி மதிப்பெண்ணுக்கு மேலேயே, சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்று இருக்கும். டெஸ்ட் ஆப்ஷனல் இடங்களில் 1550 வாங்கியவர் கொடுப்பார், 1400 வாங்கியவர் கொடுக்க மாட்டார். கொடுத்தவர்களை மட்டும் வைத்து எடுத்த அளவு அது. வகுப்பில் நன்றாகப் படிப்பவர்கள் மட்டும் பரீட்சைத் தாளைக் காட்டினால் சராசரி எப்படி ஏறுமோ அப்படித்தான் இதுவும் ஏறியிருக்கிறது. அதை மூடிய கதவு என்று நினைத்து வெளியே நிற்கக் கூடாது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. சேர்க்கைக் குழுவின் மேசையில் உங்கள் மகளின் கோப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கரூர் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. அந்தப் பள்ளியிலிருந்து இதற்கு முன் யாரும் அங்கே விண்ணப்பித்ததில்லை. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு மதிப்பெண் இருக்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025ல் தமிழ்நாடு அரசு எடுத்துவிட்டது, ஆகவே பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பள்ளியே போட்டது. பிளஸ் டூ முடிவு வரும்போது மே மாதம் ஆகிவிடும். எர்லி டிசிஷன் முடிவோ டிசம்பர் நடுவிலேயே வந்துவிடும். ஆசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதம், அவர்கள் அன்பாக எழுதினாலும், "ஒழுக்கமான மாணவி, கடின உழைப்பாளி" என்ற இரண்டு வரியோடு நின்றுவிடலாம். இதில் வெளியிலிருந்து வந்த ஒரே அளவுகோல் எஸ்ஏடிதான். பொருளியலும் கணிதமும் படிக்க விரும்பும் பெண்ணுக்குக் கணிதத்தில் 800க்கு 780. அதை அனுப்பாமல் மறைத்துவிட்டால், அந்தக் குழு எதைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகப் பேசும்?

இது என் ஊகம் மட்டுமல்ல. டார்ட்மவுத் மீண்டும் தேர்வைக் கட்டாயமாக்கியதற்கு அங்குள்ள பேராசிரியர்கள் செய்த ஓர் ஆய்வுதான் அடிப்படை. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள் சிலர், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்களை, குறைவு என்று நினைத்து மறைத்துவிட்டார்கள் என்று அதில் தெரிந்தது. அந்த மாணவர் படித்த பள்ளியோடும் சூழலோடும் சேர்த்துத்தான் அந்த எண்ணைக் குழு பார்க்கிறது. அது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எம்ஐடியும் 2022ல் கிட்டத்தட்ட இதையே சொன்னது: உயர்நிலைப் பாடங்கள் கிடைக்காத பள்ளிகளில் படித்தவர்களின் திறமையைக் கண்டுபிடிக்கத் தேர்வு உதவுகிறது என்று.

சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்தான். 1420. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். நானும் அந்த நடுப்பாதிக் கணக்கைப் பார்த்து, அனுப்ப வேண்டாம் என்றேன். இடம் கிடைக்கவில்லை. அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவன் கோப்பை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அவனுடைய திறமைக்குச் சாட்சி சொல்ல அதில் பள்ளி மார்க்கைத் தவிர ஒன்றுமே இல்லை. அது என் தவறு. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது, உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

யாருக்கு வேண்டாம் என்று சொன்னேன்? சென்னையில் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளி, வருஷம் முப்பது பேர் வெளிநாடு போகிறார்கள், நண்பர்கள் எல்லாம் 1530க்கு மேல், மாதக்கணக்கில் கோச்சிங், மூன்றாவது முறை எழுதி 1450. அந்தப் பிள்ளையின் ஐபி மதிப்பெண்ணும் ஆசிரியர் கடிதங்களும் அருமையாக இருந்தன. அங்கே அந்த எண் புதிதாக எதையும் சொல்லாது, இருப்பதைக் கொஞ்சம் குறைத்தும் காட்டும். டெஸ்ட் ஆப்ஷனல் என்றால் மறைப்பவரைச் சந்தேகப்பட மாட்டோம் என்று பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. அந்தப் பிள்ளைக்கு மீதிக் கோப்பு பேசும் என்பதால் அதை நம்பி விட்டுவிடலாம்.

அக்டோபரில் இன்னொரு முறை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இடம் கிடைத்து எழுதினாலும், இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் வரும்போது விண்ணப்பத்துக்கு அதிக நாள்கள் இருக்காது. இன்னும் இருபது, முப்பது மார்க் ஏறலாம். அதற்காக அவள் கட்டுரைகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் நட்டம்தான். நீங்கள் அனுப்பிய கட்டுரையில், வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடத்தில் உட்கார்ந்து அப்பாவின் நூல் கணக்கைச் சரிபார்த்த இரவுகளைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அருமையான பத்தி. மீதி எல்லாம் இன்னும் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. இந்த மாதம் அவளுடைய நேரம் அங்கே போகட்டும்.

உண்மையில் நீங்கள் தூக்கம் கெட வேண்டிய விஷயம் மதிப்பெண் இல்லை, எர்லி டிசிஷன் என்ற அந்த ஒப்பந்தம். எர்லி ஆக்‌ஷன் என்று முன்கூட்டியே விண்ணப்பிக்கும் இன்னொரு முறை இருக்கிறது, அதில் இடம் கிடைத்தாலும் யோசிக்க அவகாசம் உண்டு. எர்லி டிசிஷன் அப்படி அல்ல. கிடைத்தால் போயே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். மாணவி, பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். இப்படிப்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 90,000 டாலர் பக்கம் வந்துவிட்டது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்காது. நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகம் அந்த வகையில் இல்லை. உதவி கேட்கிறாள் என்பதும் தராசில் ஏறும். சரி, அதற்காகக் கேட்காமல் விண்ணப்பித்துவிட்டு, பிறகு பணத்துக்கு அலையலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் கேட்காதவருக்குப் பின்னால் தருவதில்லை என்ற விதி பல இடங்களில் உண்டு. உதவி கேட்டு, கொடுத்த தொகை போதவில்லை என்றால் மட்டும் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த வாரம் நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து, வருஷத்துக்கு உண்மையில் எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையை எழுதுங்கள். நிலத்தை விற்றால் எவ்வளவு என்ற கணக்கு வேண்டாம். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் எர்லி டிசிஷன் சரியாகப் பட்டால் போடுங்கள். இல்லையென்றால் அதே பல்கலைக்கழகத்துக்கு ஜனவரியில் வழக்கமான சுற்றில் போடலாம், கூடவே இன்னும் ஏழெட்டு இடங்களுக்கும் போட்டு உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காமன் ஆப்பில் பள்ளி ஆலோசகர் என்ற இடத்தில் உங்கள் தலைமையாசிரியரின் மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். அவருக்கு ஓர் இணைப்பு போகும். அதில் அவர் பள்ளியைப் பற்றி எழுதி, மதிப்பெண் சான்றுகளை ஏற்ற வேண்டும், எர்லி டிசிஷன் என்றால் அந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டும். இதுவரை அவர் இதைச் செய்ததில்லை, அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழுந்தாலும் தெரியாது. மகளை அழைத்துக்கொண்டு நேரில் போய், அவர் அறையில் கணினி முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து செய்து முடியுங்கள். பள்ளியைப் பற்றிய பகுதியில், பிளஸ் ஒன்னில் இப்போது பொதுத்தேர்வு இல்லை என்பதையும், அவள் வகுப்பில் எத்தனை பேர், அதில் எஸ்ஏடி எழுதியவர் அவள் ஒருத்திதான் என்பதையும் இரண்டு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். 1470ஐ எப்படிப் படிக்க வேண்டும் என்று அந்தக் குழுவுக்குச் சொல்லப்போவது அந்த இரண்டு வரிதான். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னால் போய்விடுங்கள்.