மரபணு மாற்றப்படாத பொருளைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கலாமா?

பினாங்கில் இப்போது எதை எடுத்தாலும் 'மரபணு மாற்றப்படாதது' (அதாவது ஆய்வகத்தில் மரபணுவை மாற்றாத பயிரில் செய்தது) என்று ஒட்டி விலை ஏற்றி விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோயாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் பார்த்து வாங்குங்கள், மற்றதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நான் பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தே சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன், தைப்பூச விரதம் தொடங்கிவிட்டால் ஆர்டர் குவியும். முன்பெல்லாம் "அக்கா, வெங்காயம் பூண்டு சேர்ப்பீங்களா?" என்பதோடு சரி. இப்போது, அதுவும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், "இந்தத் தவ்ஃபு எந்த ஊர் சோயா அக்கா?" என்கிறார்கள். தவ்ஃபு சோயாப் பாலைத் திரித்துச் செய்கிற கட்டிதானே. இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாங்குகிறவர் கேட்டால்தான் கடைக்காரர் விசாரிப்பார், அவர் விசாரித்தால்தான் இறக்குமதி செய்கிறவர் பதிலோடு இருப்பார்.

சோயாவை முதலில் ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே நாம் சாப்பிடும் சோயா கிட்டத்தட்ட முழுக்க அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில், கனடா போன்ற நாடுகளிலிருந்து வருவது. அமெரிக்காவில் 1996-இல் மரபணு மாற்றிய சோயா வயலுக்கு வந்தது, இன்று அங்கே விளைவதில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். பெரும்பாலும் களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றிய பயிர், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் களை சாகும், செடி நிற்கும். சந்தைக்கு வந்திருக்கும் இந்த உணவுகள் பாதுகாப்புச் சோதனை தாண்டியவை, உடம்புக்குக் கெடுதல் வர வாய்ப்பில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதனால் யாரும் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைஃபோசேட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது, அதை மறுக்கும் அமைப்புகளும் உண்டு. சண்டை எப்படியும் முடியட்டும், என் பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறேன் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருக்கிறது.

அப்புறம் வீண் செலவு. துவரம்பருப்பு, உளுந்து, மைசூர் பருப்பு இவற்றில் மரபணு மாற்றிய ரகம் உலகச் சந்தையிலேயே இல்லை. பாமாயிலும் அப்படித்தான். உப்பில் மரபணுவே கிடையாது! இதற்கெல்லாம் முத்திரைக்காக ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுப்பது அநியாயம். சோள எண்ணெய், கனோலா எண்ணெய் என்றால் கதை வேறு, அதில் விசாரிக்கலாம்.

லேபிளைப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. மலேசிய விதிப்படி மரபணு மாற்றிய பொருள் 3 சதவீதத்தைத் தாண்டினால் சொல்ல வேண்டும், ஆனால் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய், சோளச் சர்க்கரைப் பாகு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக, லேபிளில் ஒன்றும் போடவில்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மார்க்கெட்டில் தண்ணீரில் மிதக்கிற தவ்ஃபுக்கோ லேபிளே கிடையாது. நான் வாங்குகிற தவ்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், கேட்டேன், உள்ளே கூட்டிப்போய் சாக்கையே காட்டினார்: கனடா, உணவுத் தரம், மரபணு மாற்றப்படாதது என்று அச்சடித்திருந்தது. இந்த வகையை வயலிலிருந்து கொள்கலன் வரை தனியாகவே பிரித்து வைத்து அனுப்புகிறார்கள், விலை கூடுவது அந்த வேலைக்குத்தான், அது நியாயமான கூடுதல்.

சோயா உருண்டை வாங்கினால் இந்தியாவில் விளைந்த சோயாவில் செய்ததா என்று பாருங்கள், அங்கே வணிகத்துக்காகப் பயிரிடுகிற மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். எனக்குச் சரியான பதில் கிடைக்காதது ஃப்ரோசன் சைவ மட்டன், சைவ மீன் வகைகளில்தான். சோயா புரதம் என்று இருக்கும், எங்கிருந்து வந்தது என்று இருக்காது, விற்பவரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார். அதனால் விரத மெனுவில் அவற்றைக் குறைத்துவிட்டு பலாக்காய்ப் பிரட்டலும் சேனை வறுவலும் கூட்டியிருக்கிறேன்.