கறுப்புக் குடையும் மூன்று லென்ஸும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பர்மாவில் மோல்மீன்காரன், சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. 12 வருடமாக ஒரே கேமரா, பெஸ்ஸா ஆர்2. அதற்கு மூன்று லென்ஸ்: வோய்க்ட்லேண்டர் 21 மிமீ எஃப்4, அவர்களுடையதே நோக்டன் 35 மிமீ எஃப்1.4, அப்புறம் அடாப்டர் போட்டு மாட்டுகிற ரஷ்ய ஜூபிடர்-8, 50 மிமீ. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஃபிலிம் கழுவ இடம் தேடி அலுத்துப்போய், போன தடவை சிங்கப்பூரில் இறங்கியபோது டிஜிட்டல் கேமராவான லைக்கா எம்8 பாடி ஒன்று பழையதாக வாங்கிவிட்டேன். லென்ஸ்தான் கையில் இருக்கிறதே என்ற தைரியம்.

ஊருக்கு வந்து எடுத்துப் பார்த்தால் மனசே விட்டுப்போச்சு. 35-இல் பார்த்தால் தெரு பாதிதான் விழுகிறது. மழையில் நிற்பவர்களின் கறுப்புக் குடையெல்லாம் ஊதாவாக இருக்கிறது. ஜூபிடரில் அம்மாவை எடுத்தேன், காதுத் தோடு பளிச்சென்று இருக்கிறது, கண் மங்கல். இதே லென்ஸில் ஃபிலிமில் எடுத்த படங்கள் நன்றாகத்தானே இருந்தன? மூன்றையும் விற்றுவிட்டு லைக்காவின் 35 மிமீ சம்மிக்ரான் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நண்பர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் அண்ணே, வீட்டில் கேமரா விலை தெரியாது.)

*

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. விலையையும் எடுத்துவிட்டேன், கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.

எங்கே வாங்கினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. பெனின்சுலா பிளாசாவில் மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கிற பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகளைச் சும்மா வேடிக்கை பார்க்கப் போய், சும்மா திரும்பாமல் வந்திருப்பீர்கள். பர்மாக்காரர்களுக்கும் பழைய லென்ஸ்காரர்களுக்கும் ஒரே இடத்தில் கடைத்தெரு அமைந்தது யார் செய்த சதியோ, என் சம்பாத்தியமும் கொஞ்சம் அங்கே போயிருக்கிறது.

முதலில் சம்மிக்ரான் விஷயம். வேண்டாம். அது நல்ல லென்ஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் புகார் என்ன? 35-இல் தெரு பாதிதான் விழுகிறது என்பது. 35-ஐ விற்று இன்னொரு 35 வாங்கினால் அதே பாதித் தெருதான் விழும், கொஞ்சம் அதிக விலையில்.

எம்8-இன் சென்சார் 27-க்கு 18 மில்லிமீட்டர். ஃபிலிம் 36-க்கு 24. நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது, கணக்குப் போட லென்ஸின் மிமீ எண்ணை 1.33-ஆல் பெருக்குங்கள்; எண் கூடினால் படத்தில் விழும் இடம் குறுகும். உங்கள் 35 இப்போது 47 போல நடந்துகொள்கிறது, 50 என்பது 67 ஆகிவிட்டது, 21 போய் 28 ஆகிவிட்டது. அதாவது 12 வருடமாக உங்கள் கால்கள் பழகி வைத்திருக்கிற தூரம் போய்விட்டது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து எடுக்கிற நம்மைப் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்காரனுக்கு லென்ஸ் என்பது முக்கால்வாசி கால் பழக்கம்தான், எத்தனை அடியில் போய் நிற்க வேண்டும் என்று கண் சொல்வதற்கு முன்னாலேயே கால் நின்றுவிடும்.

ரங்கூனில் இது எப்படித் தெரியும் என்றால், இங்கே கீழ்ப்பக்கத் தெருக்களில் மாடி வீடுகளிலிருந்து கயிறு தொங்கும் பார்த்திருப்பீர்கள், நுனியில் ஒரு கிளிப், சிலதில் சின்ன மணி. கீழே பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டுவார், மேலே ஒரு கை கயிற்றை இழுக்கும். கீழே இருக்கும் முகம், நடுவில் கயிறு, மேலே இருக்கும் கை, மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். எதிர்ச் சுவரில் முதுகு ஒட்டியபடி நின்றால் ஃபிலிமில் 35 போதும், கேமராவை நட்டமாகப் பிடித்தால் வந்துவிடும். எம்8-இல் அதே சுவரில் அதே 35-ஐ வைத்துப் பிடித்தால் ஒன்று கை வெட்டுப்படும், இல்லை பேப்பர்காரர் தலை. பின்னால் நகர இடமில்லை, சுவர். அங்கே நான் 28-தான் போடுவேன், அது எம்8-இல் 37 ஆகிறது, பழைய கால் பழக்கம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று. எம்8-இன் வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டத் தெரியும் கோடுகள் 0.7 மீட்டர் தூரத்துக்கு அளந்து வரையப்பட்டவை. தள்ளி நிற்பதை எடுத்தால் கோட்டுக்கு வெளியேயும் கணிசமாகப் படத்தில் விழும். 'கோட்டுக்குள் அடக்கினேன், ஓரத்தில் ஒரு மோட்டார் ரிக்‌ஷா எப்படி வந்தது' என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. பின்னால் வந்த எம்8.2-இல் இதை 2 மீட்டருக்கு மாற்றினார்கள்.

இப்போது குடை. இதில் உங்கள் லென்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. எம்8 கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பிடித்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணியில் ஏற்றிய கறுப்புச் சாயம் அந்த ஒளியை விழுங்காமல் திருப்பி அனுப்பும், அதுதான் ஊதாவாக விழுகிறது. 2006-இல் கேமரா வந்த உடனேயே இது பெரிய பேச்சானது, லைக்கா வாங்கியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்தது.

ஏன் இப்படி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி, பொறுமையாகப் படியுங்கள். இந்த எம் மவுன்ட், அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டுகிற வாய், 1954-இல் எம்3 கேமராவோடு வந்தது. லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 27.8 மிமீதான். உள்ளே கண்ணாடி எழும்பி இறங்குகிற எஸ்எல்ஆரில் 40-ஐத் தாண்டிய தூரம் இருக்கும். எம்-இல் நடுவில் அந்த எழும்பும் கண்ணாடி இல்லாததால் அகல லென்ஸ் செய்பவர்கள் லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியை ஃபிலிமுக்குக் கிட்டத்தட்ட முத்தமிடுகிற அளவு உள்ளே கொண்டுபோனார்கள். லென்ஸும் சின்னதாக இருந்தது, கோடு கோணாமல் நேராக விழுந்தது. ஒளி ஓரங்களில் ரொம்பச் சாய்வாகப் போய் விழும். ஃபிலிமுக்கு அதில் கவலையே இல்லை, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும், முற்றத்தில் அடிக்கிற வெயில் மாதிரி. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிணறு. உச்சி வெயில் தண்ணீர் வரை போகும், சாய்ந்த வெயில் உள்சுவரிலேயே நின்றுவிடும். அதனால் ஓரம் இருட்டும், நிறமும் திரியும். இதைச் சமாளிக்க எம்8-இல் சென்சாரைச் சின்னதாக வைத்தார்கள், ஒவ்வொரு புள்ளியின் மேலும் இருக்கிற குட்டி லென்ஸை ஓரத்துக்குப் போகப் போக நடுப்பக்கமாகத் தள்ளி வைத்தார்கள், சென்சார் மேல் மூடுகிற கண்ணாடியை மெல்லியதாக்கினார்கள். அகச்சிவப்பைத் தடுக்க வேண்டியது அந்தக் கண்ணாடிதான். மெல்லியதானதால் தடுக்க முடியவில்லை. 1954-இல் போட்ட 27.8 மிமீ கணக்கு உங்கள் வீட்டு வாசலில் குடை நிறத்தில் வந்து நிற்கிறது.

சரி, என்ன செய்வது? கலரில் எடுப்பதானால் லென்ஸ் முன்னால் அகச்சிவப்புத் தடுக்கும் ஃபில்டர் கட்டாயம். நான் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஃபில்டரை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு கத்தரிக்காய் நிறம், கால்சட்டை வேறு துணி போலிருக்கிறது, அது மட்டும் கறுப்பு. பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, 'தம்பி, மாப்பிள்ளை கோட்டை எப்போ மாத்தினாரு?' என்று நிஜமாகவே கேட்டார். பாதிப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்து, இதுதான் இப்போ ஃபேஷன் என்று சொல்லித் தப்பித்தேன். கறுப்பு வெள்ளை மட்டும் எடுப்பதானால் ஃபில்டரே வேண்டாம், இந்தக் கேமராவில் அது தனி அழகு.

ஃபில்டர் போட்டால் இன்னொரு சிக்கல் முளைக்கும், அகல லென்ஸ்களில் மூலைகள் பச்சை கலந்த நீலமாகும். லென்ஸ் இன்னதென்று கேமராவுக்குத் தெரிந்தால் அதுவே திருத்திவிடும். அதற்காகத்தான் புது லைக்கா லென்ஸ்களின் பின் வளையத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு புள்ளிகள். உங்கள் 21-இல் அது கிடையாது, எம்8-இல் மெனுவில் போய் லென்ஸ் பெயரைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இல்லை, அது எம்9-இல்தான் வந்தது. பலர் பெர்மனன்ட் மார்க்கரால் அந்த வளையத்தில் புள்ளி வைத்து, லைக்காவின் 21 என்று கேமராவை நம்ப வைக்கிறார்கள். நானும் வைத்தேன், நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் அழிந்துவிடுகிறது, திரும்ப வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிறேன் என்றுதான் சொல்வோம். இது போக, 21-உடன் வந்த தனி வியூஃபைண்டரைக் கழற்றிவிட்டு 28-க்கு உரியதை மேலே மாட்டுங்கள், இல்லாவிட்டால் பார்ப்பது ஒன்று, விழுவது ஒன்று.

இனி அம்மா படம். ஜூபிடர் ஃபிலிமில் நன்றாக இருந்தது என்கிறீர்கள். நான் நம்பவில்லை தம்பி, அப்போதும் தோடுதான் பளிச்சென்று இருந்திருக்கும். ரஷ்யர்கள் அந்த லென்ஸை ஜெர்மானிய சோனார் லென்ஸைப் பார்த்துச் செய்தார்கள். லைக்காவில் தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் 50 என்றால் 51.6 மிமீ என்று வைத்துக் கணக்குப் போடும், ஜூபிடர் 52.4-க்குச் செய்தது. தூரத்தில் வித்தியாசமே தெரியாது. ஒரு மீட்டரில் எஃப்2-இல், அதாவது லென்ஸை முழுக்கத் திறந்து, எடுத்தால் கண்ணில் பிடித்தது கண்ணில் இருக்காது, பின்னால் போய் விழும். கடையில் போட்டுக் கொடுத்த போஸ்ட்கார்டு அளவுப் பிரின்டில் அது யாருக்குத் தெரியும்? இப்போது கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். எம்8 படத்தை அப்படிப் பார்ப்பது, ஒரு மீட்டர் அகலத்துக்குப் பிரின்ட் போட்டுச் சுவரில் மாட்டி அதில் மூக்கை வைத்துப் பார்ப்பதற்குச் சமம். ஃபிலிம் காலத்தில் யாராவது அப்படிப் பார்த்தோமா? ஃபிலிம் கேமராவுக்குள் கொஞ்சம் வளைந்து வேறு கிடக்கும், சென்சார் சலவைக்கல் தரை மாதிரி சமம், ஒளிய இடமே கிடையாது. ஜூபிடரில் எஃப்5.6 வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள், அம்மா நன்றாக வருவார்.

நோக்டனிலும் ஒரு குணம் உண்டு. எஃப்1.4-இல் பிடித்த இடம் சரியாக இருக்கும், எஃப்2, 2.8 என்று மூடும்போது கூர்மை மெல்லப் பின்னால் நகரும், 5.6-க்கு மேல் மூடினால் எல்லாமே தெளிவுக்குள் வந்துவிடுவதால் தெரியாது. ஃபிலிமில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒன்று முழுக்கத் திறங்கள், இல்லை நன்றாக மூடுங்கள், நடுவில் இருக்கும்போது ஆளை விட்டு ஒரு விரல்கடை முன்னால் பிடியுங்கள். பழகிவிடும். இதற்காக அதை விற்காதீர்கள், மின்சாரம் போன தெருவில் மெழுகுவர்த்தி வைத்து வியாபாரம் செய்பவர்களை எடுக்க உங்களிடம் வேறு லென்ஸ் கிடையாது. புதுக் கேமராக்களில் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வை, ஏற்றிக்கொள்ளலாம், எஃப்1.4 தேவையே இல்லை என்பார்கள், உண்மைதான். எம்8-இல் நான் 640-ஐத் தாண்டுவதில்லை.

ஆக, கையில் காசு இருந்தால் ஒரே ஒரு லென்ஸ் வாங்குங்கள், 28. லைக்காவின் எல்மாரிட் 28 மிமீ எஃப்2.8, எம்8 வந்த அதே 2006-இல் வந்தது, சின்னது, புள்ளிகள் பொறித்தே வருகிறது. அதன் ஃபில்டர் அளவு 39 மிமீ, உங்கள் 21-க்கும் அதே 39. ஒரு ஃபில்டரில் இரண்டு லென்ஸ் ஓடிவிடும். அந்த விலை முடியாது என்றால் எதுவும் வாங்காதீர்கள், 21-க்குப் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு வருடம் அதிலேயே எடுங்கள், 28 போலத்தானே இருக்கிறது.

பழைய லென்ஸ் எது வாங்கினாலும் கடை வாசலுக்கு எடுத்து வந்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நான் இங்கே ஒரு கடையில் பார்க்காமல் வாங்கி ஏமாந்தேன், கடைக்காரர் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார், வலை உள்ளே இருந்தது. நம் ஊர் மழை மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை விடாது, பூஞ்சைக்கு அதுதான் கல்யாண காலம். மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி இங்கே மின்சாரம் போகிற லட்சணத்தில் பாதி நேரம் வெறும் பெட்டி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், 40-லிருந்து 50-க்குள் இருக்கட்டும். அரிசிப் பானையில் போட்டு வைக்கச் சொல்வார்கள், தவிடும் தூசியும் உள்ளே போகும். அந்துருண்டையும் பக்கத்தில் வேண்டாம்.

ஜூபிடரை விற்றால் ஒரு வேளை பிரியாணிக்குத்தான் ஆகும், வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை லீவில் வரும்போது மழைக்கு முன்னால் ரங்கூன் பக்கம் வந்தால் கேமராவையும் எடுத்து வாருங்கள். என்னிடம் 39 மிமீ ஃபில்டர் ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது, உங்கள் 21-இல் மாட்டி காளி கோயில் பக்கம் ஒரு சுற்று நடக்கலாம். மார்க்கரும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்