மண்கல் வீட்டுக்கு மாமனார் சம்மதிப்பாரா?

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல், "சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வீடு கட்ட ஆசை" என்றுதான் தொடங்குகின்றன. சந்தோஷம். அடுத்த வரியிலேயே, வீட்டில் யாரோ ஒருவர் வேண்டாம் என்கிறார், இல்லாவிட்டால் மேஸ்திரி முகம் சுளிக்கிறார். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: திண்டிவனம் பக்கத்தில் எங்களுக்கு 10 சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது. ஆரோவில்லில் பார்த்ததுபோல் மண்கல்லில் வீடு கட்ட எனக்கும் மனைவிக்கும் ஆசை. மாமனாரோ, "மண்சுவர் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது, ஊர் சிரிக்கும்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது மேடம்?

பதில்: மாமனாரைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. அவர் பார்த்து வளர்ந்தது குழைத்து வைத்த மண்சுவர். அது மழையில் கரையத்தான் செய்யும். நீங்கள் ஆசைப்படுவது வேறு சரக்கு. சலித்த மண்ணில் சுமார் 5 சதவிகிதம் சிமெண்ட் கலந்து, லேசாக ஈரம் காட்டி, இரும்பு அச்சில் கொட்டி, நெம்புகோலால் அழுத்தி எடுக்கும் கல் அது. சூளைக்குப் போகாது. செங்கல் வேக 900, 1000 டிகிரி வரை சூடு ஏற்ற வேண்டும். அதற்கு விறகோ நிலக்கரியோ எரிந்தாக வேண்டும். மண்கல்லுக்கு அந்தச் செலவும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் அச்சிலிருந்து எடுத்த கல்லை அடுக்கி, மூடி, நான்கு வாரம் ஈரம் போகாமல் காக்கும் பொறுமை வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

மாமனாரிடம் வாதாடுவதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றி அழைத்துப் போய்விடுங்கள். ஆரோவில்லின் மண் கட்டடக் கழகம் 1989-ல் ஆரம்பித்தது. அங்குள்ள பார்வையாளர் மையம் இந்தக் கல்லில் கட்டியதுதான், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தரும் ஹசன் ஃபாத்தி விருதை 1992-ல் வாங்கியது. விகாஸ் குடியிருப்பில் நான்கு தளக் கட்டடமே நிற்கிறது. எத்தனையோ வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் பார்த்துவிட்டவை இவை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரே பேசட்டும்.

ஆனால் செம்மண் இருப்பதாலேயே அது ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்மண்ணை ஓரடி வழித்து ஒதுக்கி வையுங்கள், தோட்டத்துக்கு ஆகும். அதற்குக் கீழே உள்ள மண்ணை நேரான கண்ணாடி பாட்டிலில் கால்வாசிக்குப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மறுநாள் குருணையும் மணலும் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படிந்திருக்கும். குருணையும் மணலும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, களி ஐந்தில் ஒரு பங்கு என்று வந்தால் அருமையான மண். களி கூடுதலாக இருந்தால் மணல் சேர்க்கலாம். கரிசல் மண்ணாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள், அது காய்ந்தால் பிளக்கும், நனைந்தால் ஊதும். பாட்டில் சோதனை உங்கள் திருப்திக்கு. வேலை ஆரம்பிக்குமுன் கொஞ்சம் கல் அடித்து, பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரி லேபில் ஈரக் கல்லாகவே உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண்கல்லுக்கென்று ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரக்குறியீடு இருக்கிறது. லேப் கொடுக்கும் தாள் வங்கிக் கடனுக்கு உதவும். மாமனாருக்கும் காட்டலாம்.

கட்டும்போது கவனம் முழுக்கத் தண்ணீர் மேல் இருக்கட்டும். பேஸ்மட்டத்தைக் கருங்கல்லிலோ கான்கிரீட்டிலோ தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்துங்கள், அதன் மேல் ஈரம் ஏறாமல் ஒரு பட்டை. கூரை விளிம்பும் சன்ஷேடும் இரண்டடி வெளியே நீளட்டும். குளியலறை உள்சுவருக்கு டைல்ஸ் போட்டுவிடலாம். வெளியே சிமெண்ட் பூசி மறைக்கப் போகிறீர்கள் என்றால் மண்கல் எதற்கு? அந்தப் பூச்சுக் காசை மிச்சம் பிடிக்கத்தானே இவ்வளவு பாடும்!

செலவு குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மண் உங்கள் நிலத்திலேயே கிடைத்து, இந்த வேலை தெரிந்த கொத்தனாரும் பக்கத்தில் இருந்தால் குறையும். மண்ணை 50 கிலோமீட்டர் லாரியில் ஏற்றிவந்து, அச்சு இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்தால் செங்கல் வீட்டைவிடக் கூடவே ஆகலாம். அப்புறம் அதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்? தோண்டிய குழியை மூடாதீர்கள், மழைநீர்த் தொட்டியாக்குங்கள்.

கேள்வி: மேட்டூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) கல்தான் எளிதாகக் கிடைக்கிறது. தெரிந்தவர் வீட்டில் அந்தக் கல் சுவரில் பூச்சு முழுக்க வெடித்துவிட்டது. செங்கல்லுக்கே போய்விடலாமா?

பதில்: அனல் மின் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயல் மண்ணைச் சுட்ட கல்லுக்கு அலைய வேண்டாம் அம்மா. குற்றம் சாம்பலில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. இந்தக் கல் தண்ணீரில் ஊறி, மெதுவாக இறுகும் ஜாதி. கிராக்கி வந்தால் சில பட்டறைகளில் அச்சடித்த வாரமே லோடு ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பச்சைக் கல் சுவரில் ஏறிய பிறகு சுருங்கும், மேலே இருக்கும் பூச்சு பிளக்கும்.

வாங்கப் போகும்போது ஆணியால் கீறிப் பாருங்கள். ஆழமாகக் கோடு விழுந்தால் நகர்ந்துவிடுங்கள். மூன்றடி உயரத்திலிருந்து தரையில் போட்டால் நல்ல கல் துண்டாகாது. ஒரு கல்லை நன்றாகக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். மூன்று கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேண்டாம், 20 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கல்லின் முகம் வழவழவென்று இருப்பதால் பூச்சு பிடிக்க இடம் கொடுக்க வேண்டும். கட்டும்போதே இணைப்புகளில் கலவையை அரை அங்குலம் சுரண்டிவிடச் சொல்லுங்கள். சுவர் கட்டி இரண்டு மூன்று வாரம் ஆறட்டும். அப்புறம் மணல் கலந்த சிமெண்ட் பாலை விசிறி அடித்து, காய்ந்ததும் பூசலாம். கலவையில் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதும். சிமெண்ட் கூடினால் வலு கூடும் என்று மேஸ்திரி அள்ளிப் போடுவார், விரிசலும் கூடும். தூணும் சுவரும் சேரும் இடங்களில் கோழிவலை அடிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: சென்னையில் பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்கிறோம். எடை குறைவு என்று ஏ.ஏ.சி. பிளாக் போடச் சொல்கிறார்கள். ஆணி அடித்தால் நிற்காதாமே?

பதில்: எடை விஷயம் உண்மை. சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலவையில் துளி அலுமினியப் பொடி சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பி நுரைத்துப் பொங்கும். அதை வெட்டி, அழுத்தமான நீராவியில் வேகவைத்தால் ஏ.ஏ.சி. பிளாக். ஸ்வீடன்காரர்கள் 1920-களில் கண்டுபிடித்தது, நமக்குத்தான் புதுசு. இரண்டடி நீளம், எட்டு அங்குல உயரம், நாலு அங்குல கனத்தில் ஒரு பிளாக் ஏழெட்டு கிலோதான் இருக்கும். அதே இடத்தைச் செங்கல்லால் அடைத்தால் கலவையோடு சேர்த்து 20 கிலோவுக்குப் பக்கம் வரும். வெயிலையும் ஓரளவு தடுக்கும்.

ஆணி அடிக்க வேண்டாம். துளை போட்டு, இந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீளமான பிளக் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். டிவி தாங்கும். கீஸர், சமையலறை அலமாரி மாதிரி கனமானவை எங்கே வரும் என்று முன்பே முடிவு செய்து, அந்த இடத்தில் மட்டும் செங்கல்லோ கான்கிரீட் கட்டையோ வைத்துக் கட்டச் சொல்லிவிடுங்கள். செங்கல்லைப்போல் இதைத் தொட்டியில் ஊறப்போடக் கூடாது, முகத்தை மட்டும் நனைத்தால் போதும். சாதாரண சாந்துக்குப் பதில் மெல்லிசாகப் பூசும் ஒட்டுக்கலவை உத்தமம். குளியலறைப் பக்கம் நீர்க்காப்பு வேலையில் கஞ்சத்தனம் கூடாது.

ஒரு விஷயம். கல் லேசானது என்பதால் பழைய அஸ்திவாரம் தாங்கிவிடும் என்று ஆகிவிடாது. மேல் தளத்துக் கான்கிரீட், தண்ணீர்த் தொட்டி, மனிதர்கள் எல்லாம் எடைதான். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பிளாக்கும் மாடி ஏற வேண்டாம்.

கேள்வி: ரூஃப் கான்கிரீட்டுக்கு பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமெண்ட் வாங்கி வைத்தேன். மேஸ்திரி, "53 கிரேடு ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) இல்லாமல் ரூஃப் போட மாட்டேன்" என்று அடம்பிடிக்கிறார். யார் சரி?

பதில்: நீங்கள். மேஸ்திரியின் கவலை வலுவைப் பற்றியதாகவே எனக்குத் தெரியவில்லை, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையின் வாடகையைப் பற்றியது! ஓ.பி.சி. சீக்கிரம் இறுகும், முட்டுகளைச் சீக்கிரம் பிரித்து அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோகலாம். பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவிகிதம் வரை சாம்பல் இருக்கிறது. முதல் வாரத்தில் கொஞ்சம் சோம்பல் காட்டும், ஆனால் மாதக்கணக்கில் வலு ஏறிக்கொண்டே போகும். சூடு குறைவாகக் கிளம்புவதால் விரிசலும் குறையும்.

சுற்றுச்சூழல் கணக்கும் இங்கேதான் பெரிது. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட்டு, சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் எடுக்கிறார்கள். எரிக்கும் நிலக்கரியிலிருந்து ஒரு பங்கு கரியமில வாயு, அதைவிட அதிகமாக அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. சாம்பல் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு கிளிங்கர் மிச்சம். வீட்டில் மற்ற எதை மாற்றுவதற்கும் முன்னால் இதை மாற்றலாம், சிமெண்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை. கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்க்கும் எல்.சி.3 என்ற சிமெண்டில் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் ஆராய்ச்சி செய்திருக்கிறது. அது ஊர்க் கடைகளுக்குப் பரவலாக வரட்டும், அப்புறம் பேசுவோம்.

மேஸ்திரியிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள். பி.பி.சி. போட்டால் குறைந்தது 10 நாள், சித்திரை வெயில் என்றால் 14 நாள், ரூஃபில் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 சொல்வதும் அதுதான். முட்டுப் பிரிக்கும் நாளை இன்ஜினீயர் சொல்லட்டும். பலகை வாடகை நாலு நாள் கூடினால் அதை நீங்களே கொடுத்துவிடுங்கள், சண்டை முடிந்தது.

கேள்வி: மதுரையில் மாடி வீடு. ராத்திரி பத்து மணிக்கும் கூரை அனலைக் கொட்டுகிறது. ஏ.சி. இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. அஞ்சு அங்குல கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலைத்தான் ராத்திரி உங்கள் தலையில் கொட்டுகிறது. வெயில் உள்ளே நுழையாமல் மேலேயே திருப்பி அனுப்புவதுதான் மலிவான வழி. கோடைக்கு முன் மாடித்தரையைக் கழுவி, சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட் வெள்ளை அடியுங்கள். மழையில் போய்விடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கையில் காசு இருந்தால் வெள்ளை கூலிங் டைல்ஸ். ஆனால் கறுப்பு நிற வாட்டர் டேங்க்கும், துணி காயப்போடும் தகரப் பந்தலும் என்று பாதி மாடியை மறைத்துவிட்டு, "வெள்ளை அடித்தும் குறையவில்லை" என்று எனக்குக் கடிதம் எழுதக் கூடாது.

நிரந்தர வேலை என்றால் பழைய முறையே போதும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள், அதன் மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மொட்டைமாடி அப்படித்தான். நான் டிப்ளமோ முடித்து சைட்டுக்குப் போன புதிதில் அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இப்போது தட்ட ஆள் இல்லை என்று சிமெண்டைக் கொட்டி ஓடு ஒட்டிவிடுகிறார்கள். அதில் மழைநீர் வழிந்தோடும், ஆனால் சூடு குறையாது. தட்டத் தெரிந்த ஆட்கள் உங்கள் பக்கம் இன்னும் இருந்தால் விடாதீர்கள்.

கேள்வி: 3டி பிரிண்டரில் வீடு அச்சடிக்கிறார்களாமே, என் மகன் கேட்கச் சொன்னான்.

பதில்: அச்சடித்தேவிட்டார்கள். 2021-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடி வீடு ஒன்றை எழுப்பியது. தம்பியிடம் சொல்லுங்கள்: பிரிண்டர் சுவரைத்தான் போடும். ஒயரிங், பிளம்பிங், ஜன்னல், பெயிண்டுக்கு இன்னும் நம் ஆட்கள்தான். பிரிண்டர் தள்ளுவதும் சிமெண்ட் கலவைதான், எனவே சுற்றுச்சூழலுக்கு நல்லதா இல்லையா என்பதை அந்தக் கலவையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: காரைக்குடியில் தாத்தா கட்டிய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். பழைய சாமான்களில் எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: இடிக்கத்தான் வேண்டுமா என்று இன்னொரு முறை வீட்டில் பேசிப் பாருங்கள். முடிவு மாறாவிட்டால், பொக்லைனை உள்ளே விடுவதற்கு முன் ஆள் வைத்துப் பிரியுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்பதால் செங்கல் முழுசாகக் கழன்று வரும், கொத்திச் சுத்தம் செய்து காம்பவுண்டுக்கும் உள்சுவருக்கும் போடலாம். சிமெண்ட் சாந்தில் கட்டியதாக இருந்தால் கல்தான் உடையும், சாந்து விடாது. தேக்குக் கதவு, உத்தரம், கல்தூண் எல்லாம் வாங்க உங்கள் ஊரிலேயே கடைகள் காத்திருக்கும். அவர்கள் சொல்லும் விலைக்கு விற்றுவிட்டு, புதுக்கதவுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய கதவின் அளவை எடுத்து முதலில் உங்கள் இன்ஜினீயரிடம் கொடுங்கள், புது வீட்டு வாசலை அந்த அளவுக்கு வரையட்டும். தரைக்கு ஆத்தங்குடி கல் போடுங்கள். கண்ணாடி மேல் சிமெண்ட் ஊற்றிக் கையால் வார்ப்பது, சூளையே வேண்டாம். பக்கத்து ஊர்தானே, லாரி வாடகையும் மிச்சம்.