சீட்டில் எழுதியிருந்த 'புல்லா'

அண்ணா வணக்கம்,

அப்பாவுக்குக் காலில் பெரிது பெரிதாகக் கொப்புளம். ஓ.பி. சீட்டில் டாக்டர் 'புல்லா' என்று எழுதியிருக்கிறார். செல்லில் தேடினால் ஒரு பக்கம் நுரையீரல் படம், இன்னொரு பக்கம் போப்பாண்டவரின் ஆணை, கூடவே காளைமாடு. அப்பாவுக்கு நுரையீரலிலும் ஏதாவது இருக்குமா? இதெல்லாம் ஒரே வார்த்தைதானா?

வாசகர், கொருக்குப்பேட்டை

தம்பி,

காலைப் பார்த்து எழுதிய சீட்டு, அதனால் தோலைத்தான் சொல்கிறார். புல்லா நோயின் பெயரே இல்லை, கண்ணால் பார்த்ததைக் குறித்துவைப்பது, அவ்வளவுதான். லத்தீனில் அதற்கு நீர்க்குமிழி என்று பொருள். தோலில் நீர் கோத்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உப்பினால் புல்லா, அதைவிடச் சின்னது வெசிக்கிள்; அரை சென்டிமீட்டரிலேயே கோடு போடுகிற புத்தகங்களும் உண்டு. நுரையீரலில் காற்றறைகளின் சுவர் சிதைந்து காற்று தேங்கி உப்பினாலும் இதே பெயர்தான், பீடி சிகரெட் பிடித்தவர்களிடம் அதிகம் பார்க்கலாம். காலில் வந்த கொப்புளத்திலிருந்து அது வராது.

சரி, போப்பாண்டவர் எப்படி உள்ளே வந்தார்? பழங்கால ரோமில் ஆண் குழந்தை பிறந்த சில நாளிலேயே கழுத்தில் உருண்டையாக ஒரு தாயத்து கட்டுவார்கள், வசதியான வீட்டில் தங்கத்தில், இல்லாத வீட்டில் தோலில்; அதற்கும் புல்லா என்றே பெயர், வளர்ந்து பெரியவர்களின் உடை உடுத்தும் நாளில் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குக் கொடுத்துவிடுவான். அப்புறம் ஆவணங்களில் கயிறு கோத்துத் தொங்கவிட்ட ஈய முத்திரைக்கும் அந்தப் பெயர் போனது. போப்பாண்டவரின் முத்திரையில் ஒரு பக்கம் அவர் பெயர், மறுபக்கம் பவுலும் பேதுருவும். பேதுரு வேறு யாருமில்லை, ராயபுரத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்கிறார்களே, அந்த ராயப்பர்தான்! போகப்போக முத்திரையின் பெயரே ஆணைக்கும் ஆகிவிட்டது, ஆங்கிலத்தில் 'புல்' என்பார்கள். 1878இல் பதின்மூன்றாம் லியோ, மிக முக்கியமானவை தவிர மற்றதற்கு ஈயம் வேண்டாம், சிவப்பு மை போதும் என்ற பிறகும் பெயர் மாறவில்லை.

மளிகைக்கடை பில், செய்தி புல்லட்டின், துப்பாக்கி புல்லட் எல்லாமே இந்தக் குடும்பம்தான். அப்படிப் பார்த்தால் திருவொற்றியூரில் செய்த புல்லட் வண்டியும் அப்பாவின் கொப்புளத்துக்குத் தூரத்துச் சொந்தம். காளைமாட்டைச் சொல்கிற ஆங்கில 'புல்' மட்டும் வேறு, அது பழைய ஜெர்மானியச் சொல், எழுத்துதான் ஒன்று. இன்னொரு வேடிக்கை: தண்ணீர் கொதிப்பதைச் சொல்கிற 'பாயில்' லத்தீன் குமிழியிலிருந்து வந்தது, ஆனால் உடம்பில் வருகிற சீழ்க்கட்டிக்குச் சொல்லும் 'பாயில்' வரவில்லை, அதுவும் ஜெர்மானிய வழிதான்.

அடுத்த முறை போகும்போது, கொப்புளம் எதனால் வந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். தீக்காயம், செருப்பு உரசல், கிருமி, சர்க்கரை எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மேல்தோலின் பிடிப்பைத் தாக்குகிற புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்று ஒன்றும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதுவரை வீட்டில் யாரும் ஊசியால் குத்திவிட வேண்டாம், மேல்தோல் கிழியாமல் இருக்கிறவரை கிருமி நுழைவது கஷ்டம்.