மாலுமி இல்லாத கடல்

கேள்வி: ஸ்பெயின் நாட்டின் பழைய வீரசாகசக் கதைகளில் கடற்பயணம் இல்லாத நூலே இல்லை என்கிறார்கள். கொலம்பஸ் முதலானோரைக் கடலில் இறங்க வைத்தவை அந்தக் கதைகள்தாம் என்று சொல்வது சரிதானே? அவற்றை 'டான் கிஹோத்தே' நாவலில் கேலி செய்த செர்வாந்தஸ், கடலையே அறியாத உள்நாட்டுக்காரர் என்பதால்தான் அப்படி எழுதினாரா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இரண்டு ஊகங்களும் தவறு. இரண்டாவது, முதலாவதைவிடப் பெரிய தவறு.

காலக்கணக்கிலிருந்து தொடங்குவோம். இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் தலைமையான 'அமாதிஸ் தெ கௌலா'வின் பதிப்புகளில் இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது 1508ஆம் ஆண்டு சரகோசாவில் அச்சானது. கொலம்பஸ் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டார். அமாதிஸின் கதை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பிருந்தே வழங்கிவந்தது என்று நீங்கள் வாதிடலாம், அது உண்மையே. ஆனால் கொலம்பஸ் ஓரங்களில் குறிப்பெழுதிப் படித்த நூல்கள் சில செவில்யா நகரில் இன்றும் காக்கப்படுகின்றன. மார்க்கோ போலோவின் பயண நூலும் பியர் தாய்யி எழுதிய உலக விவரண நூலும் அவற்றுள் உண்டு. அவர் தேடியது தூரத்தையும் திசையையும் பொன்னையும் பற்றிய செய்திகளை. அமாதிஸ் அவற்றில் எதையும் தரக்கூடியவன் அல்லன்.

ஏனெனில் அமாதிஸின் கடலில் மாலுமிக்கு வேலையே இல்லை. பிறந்தவுடன் பேழையில் வைத்து ஆற்றில் விடப்படும் குழந்தையை நீரோட்டம் கடலுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஸ்காட்லாந்துக்குச் செல்லும் கப்பலில் இருந்த ஒரு பிரபு அதைக் கண்டெடுக்கிறார். 'கடலின் இளவல்' என்ற பெயரும் குழந்தைக்கு அமைகிறது. வளர்ந்தபின் அவன் கான்ஸ்டாண்டிநோபிளை நோக்கிச் செல்லும்போது புயல் கப்பலைத் தூக்கிச் சென்று, எந்தத் தீவில் எந்திரியாகோ என்னும் கொடிய விலங்கு காத்திருக்கிறதோ சரியாக அந்தத் தீவில் ஒதுக்குகிறது. புயல் என்பது இங்கே வானிலை அன்று, ஆசிரியரின் வசதி. நாயகன் ஒரு சாகசத்தை முடித்ததும் அடுத்ததற்கு அவனைக் கொண்டு சேர்க்க வழி வேண்டும்; நிலத்தில் சாலையும் எல்லையும் சுங்கமும் குறுக்கிடும், கடலில் ஒரு வாக்கியம் போதும். மாயக்காரி உர்காந்தாவின் கப்பலோ பெரும் பாம்பின் வடிவில் வருவது. அமாதிஸின் மகன் எஸ்ப்லாந்தியானை வேண்டிய இடத்துக்கு அது தானே சுமந்து செல்லும். சுக்கான் பிடிப்பவர் யார், குடிநீர் எத்தனை நாளுக்கு வரும், பாய் கிழிந்தால் தைப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்த உலகில் இடமில்லை. இக்கதைகளை இன்றுள்ள வடிவில் தந்த மொந்தால்வோ, கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள மெதினா தெல் காம்போ நகராட்சியின் உறுப்பினர். உள்நாட்டுக்காரர் என்ற பட்டத்தை யாருக்கேனும் சூட்டியே ஆகவேண்டுமென்றால் அவருக்குச் சூட்டுங்கள்.

திசையையும் கவனியுங்கள். ஸ்பெயினின் உண்மைக் கப்பல்கள் மேற்கே போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் எஸ்ப்லாந்தியான் கிழக்கே, 1453இலேயே துருக்கியரிடம் வீழ்ந்துவிட்ட கான்ஸ்டாண்டிநோபிளைக் காக்கப் போகிறான். இழந்த நகரத்தைக் கதையிலாவது மீட்கும் ஆசை அது. புதிய உலகம் ஓரிடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கிறது: அன்று ஐரோப்பியர் 'இந்தியாக்கள்' என்றழைத்த நிலங்களின் வலப்புறத்தில், பூவுலகச் சொர்க்கத்துக்கு அருகில், பொன்னைத் தவிர வேறு உலோகமே இல்லாத, கறுப்பினப் பெண்கள் மட்டுமே வாழும் கலிபோர்னியா என்ற தீவு. அதன் அரசி கலாஃபியாவும் கான்ஸ்டாண்டிநோபிள் போருக்குத்தான் வந்து சேர்கிறாள். பிற்காலத்தில் ஸ்பானியர்கள் பசிபிக் கரையில் கண்ட நிலத்துக்கு அந்தப் பெயரே நிலைத்தது. அது தீபகற்பம் என்பதை ஸ்பானியக் கடலோடி உல்லோவாவின் பயணம் 1539இல் காட்டிய பிறகும், பதினேழாம் நூற்றாண்டு வரைபடக்காரர்கள் அதை மீண்டும் தீவாகவே வரைந்தார்கள். கதைகள் பெயர் கொடுத்தன, கனவும் கொடுத்தன. அதை நான் மறுக்கவில்லை. மெக்சிகோ நகரை முதன்முதலில் கண்டபோது அமாதிஸ் நூலின் மாயக்காட்சிகளைப் போல இருந்ததாக, அந்நாட்டை வென்ற ஸ்பானியப் படையில் இருந்த பெர்னால் தியாஸ் எழுதுகிறார். ஆனால் போய்ச் சேர்ந்தபின் கண்ட வியப்புக்கு உவமை தேடியவரின் சொற்கள் அவை. புறப்பட்டதற்குச் சொன்ன காரணம் அன்று.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவது அநியாயம். 1490இல் வலென்சியாவில் அச்சான 'திரான்த் லோ பிளாங்க்' நூலில் கடல் கடலாகவே இருக்கிறது. ரோட்ஸ் தீவு முற்றுகையில் ஒரு மாலுமி இரவில் நீந்திப்போய், எதிரித் தலைவனின் கப்பலில் வடத்தைக் கோத்து, தீ மூட்டிய தோணியை அதன்மேல் இழுத்துவிட்டு எரிக்கிறான். மந்திரம் இல்லை, வடம், உருளை, ஆள்பலம், அவ்வளவுதான். துறைமுக நகரத்து நூலுக்கும் உள்நாட்டு நூலுக்கும் உள்ள வேறுபாடு இது என்பது என் கணிப்பு. செர்வாந்தஸின் நாவலில், இக்கதைகளைப் படித்து மதிமயங்கிய நாயகன் டான் கிஹோத்தேயின் நூலகத்தைச் சோதிக்கும் பாதிரியார் இந்த நூலைப் புகழ்வதும், இதில் வரும் வீரர்கள் உண்கிறார்கள், உறங்குகிறார்கள், படுக்கையில் இறக்கிறார்கள் என்பதற்காகவே.

இனி செர்வாந்தஸ். அவர் 1571இல் துருக்கியருக்கு எதிரான லெபாந்தோ கடற்போரில் காயம்பட்டு இடது கையின் பயனை இழந்தவர். 1575இல் 'சோல்' என்ற கப்பலில் திரும்பும்போது கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸில் ஐந்தாண்டுகள் அடிமையாக இருந்தவர். கடல் தெரியாததால் கேலி செய்தார் என்று இவரைப் பற்றியா சொல்வது? வீரர்கள் நிறைந்த கோபுரம் ஒன்று கப்பலைப்போல் கடலில் மிதந்து, இன்றிரவு லொம்பார்டியிலும் நாளை விடியலில், தொலைதூரத்தில் ஆள்வதாகக் கதைகளில் நம்பப்பட்ட கிறிஸ்தவ அரசர் பிரெஸ்டர் ஜானின் நாட்டிலும் இருக்குமாமே என்று அவருடைய பாத்திரம் ஒன்று எரிச்சலோடு கேட்கிறது. அது துடுப்பு வலிக்கும் வலியை அருகிலிருந்து கண்டவரின் எரிச்சல்.

1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் டான் கிஹோத்தே எப்ரோ ஆற்றங்கரையில் துடுப்பில்லாத ஒரு படகைக் கண்டு, இது தன்னை அழைக்க வந்த மந்திரப் படகு என்று ஏறிக்கொள்கிறார். கரையைவிட்டுச் சில கோல் தூரம் போவதற்குள் எழுநூறு எண்ணூறு காதம் கடந்துவிட்டதாகக் கணிக்கிறார். பூமத்திய ரேகையைத் தாண்டினால் பேன்கள் செத்துவிடும், உடம்பைத் தடவிப் பார் என்று தன் பணியாள் சாஞ்சோவுக்கு ஆணையிடுகிறார். சாஞ்சோ தடவிப் பார்க்கிறார்; பேன்கள் உயிரோடுதான் இருக்கின்றன. படகு மாவரைக்கும் நீராலையின் சக்கரத்தில் மோதி நொறுங்குகிறது. உடனே படகுக்குச் சொந்தக்காரர்களான மீனவர்கள் வந்து நிற்க, சாஞ்சோ ஐம்பது ரியால் எண்ணிக் கொடுக்க வேண்டியதாகிறது. அமாதிஸிடம் படகுக்கு ஈடு கேட்டு எந்த மீனவரும் வந்ததில்லை.