68 வயது அம்மாவுக்குப் புரதப் பவுடர் தரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. போன வருடம் 54 கிலோ இருந்தார், இப்போது 50 கிலோ. நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றித்தான் எழுகிறார். சாப்பாடும் குறைந்துவிட்டது. புரதப் பவுடர் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: பவுடர் பேச்சை எடுப்பதற்கு முன்னால் எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே வருடத்தில் 4 கிலோ என்பது அவர் எடையில் 7 சதவீதத்துக்கு மேல். உடம்பைக் குறைக்க முயற்சி எதுவும் செய்யாமலே இவ்வளவு குறைந்திருந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை நோய், தைராய்டு, பல் கோளாறு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள், சில சமயம் புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு இதுதான் பவுடரைவிட அவசரமாகப் படுகிறது.

அப்புறம், கையை ஊன்றி எழுவது. தொடைத் தசை இளைத்துவிட்டது என்பதற்கு இது ஒரு அடையாளம். கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோல் புரதத்தைத் தனியாகச் சேமிக்க உடம்பில் இடம் கிடையாது. சாப்பாட்டில் போதாதபோது தசையைக் கரைத்துத்தான் உடம்பு சமாளிக்கிறது. புண் ஆறவும், நோய்க் கிருமிகளை எதிர்க்கவும், நொதிகள் தயாராகவும் புரதம் வேண்டுமே! வயதாக ஆக, அதே அளவு புரதம் சாப்பிட்டாலும் தசை முன்புபோல் வளர்வதில்லை. பொதுவாகப் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் மருத்துவத்தில் சொல்கிறோம். உங்கள் அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். விழுந்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, முடியவில்லை என்றாலோ, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, சிறுநீரகம். நன்றாக இருக்கும் சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுத்துவிடாது. ஏற்கெனவே பழுதாகியிருந்தால் கதை வேறு, அப்போது கிலோவுக்கு 0.8 கிராம் அளவிலேயே நிறுத்தச் சொல்வோம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கோ நேர்மாறாக, அதிகம் வேண்டும். அதனால் பயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் அல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) இரண்டையும் பார்த்துவிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

அறிக்கை சரியாக இருந்தால், முதலில் சாப்பாட்டைத் திருத்துங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், ஒரு தம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் 15 கிராமுக்கு மேல் கிடைக்கும். சைவமாக இருந்தால் தானியத்தோடு பருப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் தாராளமாக இருக்கிறது. பலர் காலையில் பெயருக்கு எதையாவது சாப்பிட்டுவிட்டு, மொத்தப் புரதத்தையும் ஒரே வேளையில் சாப்பிடுகிறார்கள். வேளைக்கு 20 கிராம் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது தசைக்கு நல்லது. மொத்தச் சாப்பாடும் குறையக் கூடாது. வயிறு காய்ந்தால் கொடுக்கும் புரதத்தையும் உடம்பு எரிபொருளாக எரித்துவிடும்.

கூடவே, நாற்காலியில் எழுந்து உட்காரும் அதே அசைவை மெதுவாகப் பயிற்சியாகச் செய்யட்டும். தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் கொடுத்தால் பலன் குறைவு.

இவ்வளவு செய்தும் மென்று சாப்பிட முடியவில்லை, பசியே இல்லை என்றால் பவுடர் கைகொடுக்கும். எந்தப் பவுடர், எத்தனை ஸ்பூன் என்பதைப் பரிசோதனை அறிக்கைகளோடு போய் உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.